பதில் சொல்ல இடமில்லாத பிரசங்கம்

1750 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் பிரசங்க பீடம் ஏறினார். ஒன்பது நாளுக்கு முன்புதான் அவரைப் போதகர் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தார்கள். பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிய ஆலோசனைச் சங்கத்தில் ஒரே வாக்கு வித்தியாசம். சொந்தச் சபையிலோ இருநூறு பேருக்கு மேல் அவர் போகட்டும் என்றார்கள். 23 பேரே இருக்கட்டும் என்றார்கள். உண்மையான விசுவாசத்தை அறிக்கையிடாதவருக்குத் திருவிருந்து கிடையாது என்று அவர் பிடித்த பிடிதான் முக்கியக் காரணம். அவருக்கு முன் அதே பீடத்தில் நின்ற தாத்தா சாலமோன் ஸ்டாடர்டு அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தவர்.

அந்த விடைபெறும் பிரசங்கத்துக்கு எட்வர்ட்ஸ் எடுத்த வசனம் 2 கொரிந்தியர் 1:14. இங்கே பிரிகிற போதகரும் சபையும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் மறுபடி சந்திப்பார்கள், யார் பக்கம் நியாயம் என்பது அன்று வெளியாகும் என்பதே அவர் பேச்சின் முதுகெலும்பு. எதிராளி ஒருவரின் பெயரும் வரவில்லை. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற ஜோசப் ஹாலி அவருடைய நெருங்கிய உறவினர். அவர் பெயரும் இல்லை. காயம் ஆறாத நாளில் இவ்வளவு அடக்கம் எளிதல்ல.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். வழக்கை உயர்ந்த நீதிமன்றத்துக்கு ஏற்றிவிட்டார். அங்கே சபையார் இன்றைக்கு வாய் திறக்க முடியாது. எரேமியாவோடு தம்மை ஒப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தத் தீர்க்கதரிசியைப் போலவே தாமும் 23 ஆண்டு வசனம் சொன்னதாக அடுத்த மூச்சில் சொல்கிறார். எரேமியாவுக்குச் செவிகொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த ஆலயத்தில் யாருக்குத் தெரியாது?

மிலேத்துவில் எபேசு மூப்பரிடம் பவுல் விடைபெற்றதிலிருந்தே விடைபெறும் பிரசங்கத்துக்கு ஓர் அச்சு உண்டு: என் கைகள் சுத்தம், எனக்குப் பின் ஓநாய்கள் வரும். எட்வர்ட்ஸின் ஓநாய், இரட்சிப்பில் மனித சித்தத்துக்கு இடம் தரும் அர்மினியக் கொள்கை. அடுத்த போதகரைத் தெரிந்துகொள்வதில் கவனமாயிருங்கள் என்கிறார். அக்கறைதான், போன பிறகும் பீடத்தின் மேல் ஒரு கை இருக்கட்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

இந்தப் பிரசங்கத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி வேறு. விசுவாசிகளிடமும் மனந்திரும்பாதவர்களிடமும் வாலிபரிடமும் தனித்தனியே பேசியவர், சபையின் சிறுபிள்ளைகளிடமும் தனியே பேசுகிறார். வாக்குரிமை இல்லாத, அவர் பெயரை ஆக்கவோ அழிக்கவோ முடியாத பிள்ளைகள். அங்கே தற்காப்பு இல்லை. மேய்ப்பன் மட்டுமே இருக்கிறார். ஆனால் அவர் வகை பிரித்து அழைத்தவர்களில் அடிமைகள் இல்லை. 1731-இல் நியூபோர்ட்டில் ஓர் இளம்பெண்ணை விலைக்கு வாங்கியவர் அவர். போதகரும் சபையும் கொடுக்க வேண்டிய கணக்கை இவ்வளவு விரிவாகப் பேசிய நாளில், இந்தக் கணக்கு திறக்கப்படவே இல்லை.

1662 ஆகஸ்ட் 17-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு இணங்காத இங்கிலாந்துப் போதகர்கள் பலருக்கு அதுவே கடைசி ஞாயிறு. லண்டன் புனித டன்ஸ்டன் ஆலயத்தில் வில்லியம் பேட்ஸ் பேசியதைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பேட்ஸ் வசனத்தை விட்டு விலகவே இல்லை. முடிவில் மட்டும் சில வாக்கியங்கள்: பிடிவாதத்தால் மறுக்கவில்லை, எவ்வளவோ ஜெபித்தும் ஆராய்ந்தும் மனசாட்சி நிறைவடையவில்லை. அவ்வளவுதான். தன் காரணத்தைச் சொல்ல அது போதும். சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

எட்வர்ட்ஸின் பிரசங்கம் 1751-இல் பாஸ்டனில் அச்சேறியது. ஆனால் அவர் பெயரைத் துடைத்து நிமிர்த்தியவர்களில் ஹாலியும் ஒருவர்: எட்வர்ட்ஸ் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1760-இல், தாம் செய்தது தவறு என்று ஹாலி பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 1900-இல் அதே நார்த்தாம்ப்டன் சபை எட்வர்ட்ஸுக்கு வெண்கல நினைவுப் பலகை வைத்தது.

அந்த ஜூலை ஞாயிறு அவருடைய கடைசி ஞாயிறும் அல்ல. வேறு பிரசங்கியார் கிடைக்காத வாரங்களில் நார்த்தாம்ப்டன் அவரையே கூப்பிட்டது. அவரும் போனார், இனி அழைக்க வேண்டாம் என்று ஊர் தீர்மானிக்கும் வரை. தன்னைத் தள்ளிவிட்ட ஜனத்துக்கு முன், விடைபெறும் கம்பீரம் எதுவும் இல்லாமல், வாரக் கூலிக்கு நின்று அவர் வசனம் சொன்ன அந்த ஞாயிறுகளைத்தான் நான் அதிகம் அறிய விரும்புகிறேன்.