யாரிடம் மன்னிப்பு?

பத்திரிகையாளர் தம்முள் பூசலிட்டுக் கொள்வது புதுமையன்று. அச்சு இயந்திரம் வந்த நாள்தொட்டே பேனாப் போரும் உடன் வந்துவிட்டது. ஒருவர் எழுத, மற்றவர் மறுக்க, மறுப்புக்கு மறுப்பாக மூன்றாமவர் முழங்க, ஈற்றில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி வெளியாகும். அத்துடன் விவகாரம் முடிந்ததாகக் கொள்ளப்படும். ஆனால், அந்தப் பூசலில் உண்மையிலேயே அடிபட்டவர் யார், அந்த வருத்தம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று கேட்பார் அரியர். மலையக வரலாற்றை முன்வைத்து அக்கேள்வியை எழுப்ப விரும்புகிறோம்.

தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' ஏட்டைத் தொடங்கினார். அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியின் வேடத்தில் புகுந்து, லயத்து வாழ்க்கையை நேரிற் கண்டவர் அவர். சாரல் நாடன் 1988இல் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்', 1998இல் எழுதிய 'பத்திரிகையாளர் நடேசய்யர்' ஆகிய நூல்கள் இம்மனிதரை மறதியிலிருந்து மீட்டுத் தந்தன. கொழும்பிலே, 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை அமைத்த ஏ. ஈ. குணசிங்க, 'வீரய' என்னும் சிங்கள ஏட்டின் வாயிலாகத் தொழிலாளரிடம் பேசினார். நடேசய்யர் அச்சங்கத்தின் உபதலைவரானார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது. 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த ஒற்றுமையின் வலிமையை முதலாளிமார் கண்டனர்.

அந்த ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1928இல் டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமை உண்டா இல்லையா என்ற வாதம் நாடெங்கும் மூண்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைப் பெருக்கிற்று. குணசிங்கவின் ஏடு முதலாளியை நோக்கிப் பிடித்த ஈட்டியை மெல்லத் திருப்பி, பக்கத்தில் நின்ற இந்தியத் தொழிலாளியை நோக்கிப் பிடித்தது. முப்பதுகளில் மலையாளிகள் மீது அது நடத்திய பகைப் பிரசாரம் தொழிலாளர் இயக்க வரலாற்றின் கறைபடிந்த பக்கமாகும். நண்பர் இருவரும் பிரிந்தனர். 'தேசபக்தன்' பதிலுக்குக் குணசிங்கவைச் சாடிற்று. 1931இல் நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார்.

இப்பிளவை இரு தலைவர்களின் தன்முனைப்புக்கிடையே நிகழ்ந்த மோதலாக மட்டும் காண்போர் உளர். "இருவரும் சற்று விட்டுக்கொடுத்திருந்தால்" என்று பெருமூச்செறிவது அவர்கள் வழக்கம். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. இரு பத்திரிகாசிரியர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டால் இழப்பது இருவரின் மதிப்பு. அதை அவர்களே மீட்டுக்கொள்ளலாம். ஒரு தொழிலாளர் ஏடு இன்னொரு தொழிலாளியைப் 'பிறத்தியான்' என்று வாசகருக்குக் காட்டிக் கொடுத்தால் இழக்கப்படுவது அம்மனிதனின் சோறு; நாளை அவனது உரிமை. முன்னதையும் பின்னதையும் ஒரே தராசில் வைத்து, "இரு தரப்பும் மன்னிப்புக் கேட்கட்டும்" என்று சொல்வது நடுநிலைமை ஆகாது.

1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, குணசிங்க அப்போராட்டத்திற்கு எதிர்ப்புறம் நின்றார். ஈட்டியைத் திருப்பியவர் எங்கு போய்ச் சேர்வார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. 1947இல் பாராளுமன்றம் சென்ற அவர், பின்னர் அரசாங்கத்தில் அமைச்சராகவும் அமர்ந்தார். அதே 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. ஓர் ஏட்டின் ஏசலே இச்சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று நாம் கூறவில்லை. ஆயினும் சட்டம் என்பது ஒரே நாளில் எழுதப்படுவதன்று. அதற்குரிய சொற்களை யாரோ முன்கூட்டியே மக்கள் நாவிற் பழக்கியிருக்க வேண்டும். அப்பழக்கத்தில் பத்திரிகைக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

குணசிங்கவும் நடேசய்யரும் கொழும்பு மேடையொன்றில் மாலை மாற்றிக் கைகுலுக்கியிருந்தாற்கூட, அது எவ்வகையில் மன்னிப்பாகியிருக்கும்? ஏசப்பட்டவன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். மலைச்சரிவில் கொழுந்து பறித்தான். அந்த ஏட்டின் மொழியையோ எழுத்தையோ அறியாதவர் அவர்களுட் பலர். அவர்கள் செவிக்கு எட்டாத மன்னிப்பு எழுத்தாளரின் மனச்சாட்சிக்கு மருந்தாகலாம், புண்பட்டவருக்கு ஆகாது.

தோட்டத்து வாழ்வில் மன்னிப்பு என்பது எப்போதும் கீழிருந்து மேலே சென்ற ஒன்று. துரையை எதிர்த்துப் பேசியவன் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேளாதவனுக்கு வேலை நிறுத்தப்படும். மேலிருந்து கீழே மன்னிப்பு இறங்கி வந்ததை அவன் கண்டானா? இந்த மேல் கீழ் முறை பத்திரிகைகளிலும் படிந்திருக்கிறது. செல்வாக்குடையவர் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் மறுநாளே மன்னிப்பு அச்சேறும். லயத்து மக்களைப் பற்றி இழிவாக எழுதியதற்கு எத்தனை ஏடுகள் தாமாக வருந்தின?

மன்னிப்பின் மொழியையும் சற்று ஆராய்வோம். 'யாருடைய மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்பது நமது ஏடுகளில் அடிபடும் வாசகம். 'பட்டிருந்தால்' என்ற அவ்வொரு சொல் குற்றத்தைச் சந்தேகமாக்கிவிடுகிறது. 'தவறு நேர்ந்துவிட்டது' என்பது இன்னொன்று. மழை பெய்ததுபோல், மண் சரிந்ததுபோல், தவறும் தானே நேர்ந்துவிட்டதாம், செய்தவர் எவருமில்லை! 'இன்னதை எழுதினோம், அது பொய், இன்னாருக்குத் தீங்கு செய்தோம்' என்று எழுவாயும் செயப்படுபொருளும் வெளிப்பட நிற்கும் வாக்கியமே மன்னிப்பு. தோட்டத்தில், நிர்ணயித்த அளவு கொழுந்து பறியாதவளுக்கு அரைப்பேர் போடுவார்கள்; அரை நாட் சம்பளந்தான் கிடைக்கும். முழுக் குற்றத்துக்கு அரைச் சொல்லால் கணக்கு முடிப்பவர் எழுதுவதும் அரைப்பேர் மன்னிப்பே.

அரசாங்கங்களின் கதையும் இதுவே. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதரைப் பங்கிட்டது; 1,50,000 பேரின் கதியைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்தது. எஞ்சி நின்றோருக்கு 2003இல் நிறைவேறிய சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. 1948இல் இழைத்தது அநீதி என்று சொல்லி அச்சட்டம் தலைகுனியவில்லை. 1983 யூலையில் எரிந்த நகரங்களில் நுவரெலியாவும் ஒன்று. அக்கொடுமைக்கு 2004இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். ஓரிடத்தில் சொல்லில்லாத செயல். மற்றோரிடத்தில் செயலை முந்திய சொல். இரண்டும் சேரும்போதே மன்னிப்பு முழுப்பேராகும்.

அவ்வாறு சேர்வது அசாத்தியமன்று. அமெரிக்காவின் 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகை, 1880இல் தொடங்கியது முதல் கறுப்பின மக்களைப் பற்றித் தான் எழுதியதையும் எழுதாது மறைத்ததையும் தனது பழைய பக்கங்களைப் புரட்டித் தேடி, 2020 டிசம்பரில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. எந்த நீதிமன்றமும் அதை வற்புறுத்தவில்லை. போட்டிப் பத்திரிகையிடம் அது மன்னிப்புக் கேட்கவில்லை. தீங்குக்கு ஆளான மக்களிடமே கேட்டது. பழைய ஏடுகளைத் தூசி தட்டி, 'யாரைப் பற்றி என்ன எழுதினோம்' என்று பார்க்கும் துணிவு நம் நாட்டுத் தமிழ், சிங்களப் பத்திரிகைகளுக்கும் வரவேண்டும்.

நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். குணசிங்க 1967இல் மறைந்தார். அவர்களின் வழக்கை அவர்களுக்கிடையே இனித் தீர்ப்பார் இல்லை. ஆனால் மலைச்சரிவில் இன்றும் கொழுந்துக் கூடை சுமப்பவளின் வழக்கு முடியவில்லை. அவளுடைய பிள்ளைகள் இன்று தமிழும் சிங்களமும் படிக்கிறார்கள். எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் ஏசினோமோ, அதே பக்கத்தில், அதே எழுத்தில் மன்னிப்பும் வரட்டும். பிரட்டுக்களத்தில் ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்டினால், கேட்டு நிற்பவள் 'இது என்னிடம் சொல்லப்படுகிறது' என்று உணர வேண்டும். உணர்ந்த பின் அதை ஏற்பதோ மறுப்பதோ அவளுடைய உரிமை.