நொடி நொடியாகப் பார்க்கிறவர்கள்

ஹாலிவுட்டின் நடன ஜோடியான ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் சேர்ந்து நடித்தவை மொத்தம் பத்துப் படங்கள். 1933 முதல் 1939 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு ஒன்பது, பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1949-இல் எம்.ஜி.எம்.முக்கு ஒன்று. பல படங்களின் கதை ஆள்மாறாட்டக் குழப்பம்தான்; அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நடனங்களையோ ரசிகர்கள் இன்றும் நிறுத்தி நிறுத்தி, நொடி நொடியாகப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்க்க அந்தப் படங்களே இடம் கொடுக்கின்றன. ஆடும்போது தலை முதல் கால் வரை திரையில் தெரிய வேண்டும், நடுவில் வெட்டு கூடாது என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தார். பிழையை மறைக்க வழியில்லை. 'ஃபாலோ தி ஃபிளீட்' (1936) படத்தின் இறுதி நடனத்தில் ஜிஞ்சர் அணிந்திருந்தது மணி கோத்த கனமான உடை. முதல் டேக்கில் அவர் சுழன்றபோது அதன் கைப்பகுதி அஸ்டேரின் முகத்தில் அடித்தது. எத்தனையோ முறை திரும்ப எடுத்தும், கடைசியில் படத்தில் வைத்தது அந்த முதல் டேக்கைத்தான். அடி விழுந்த நொடியைத் தேடும் ரசிகர் அந்த நடனத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். விமர்சகர்கள் பலருக்கு இல்லாத பொறுமை இது. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இதே ரசனை பல சமயம் துணுக்குச் செய்திகளில் போய் நின்றுவிடுகிறது. 'டாப் ஹேட்' படத்தில் உடையிலிருந்து உதிர்ந்த இறகுகள், 'ஸ்விங் டைம்' படப்பிடிப்பில் ஜிஞ்சரின் கால்களில் கசிந்த ரத்தம், இருவருக்கும் ஆகாது என்ற வதந்தி. அஸ்டேர் ஆடியதை எல்லாம் ஜிஞ்சரும் ஆடினார், அதுவும் குதிகால் உயர்ந்த செருப்போடு, பின்னோக்கி என்பது ரசிகர்கள் ஓயாமல் சொல்லும் பாராட்டு. அது 1982-இல் பாப் தேவ்ஸ் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்திலிருந்து பரவியது. சொல்கிறவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் அது ஜிஞ்சர் பட்ட சிரமத்தைப் புகழ்கிறதே தவிர, அவருடைய கலையைத் தொடவில்லை. கால் வேலையில் நடன நடிகை எலினார் பவல் அவரைவிட வல்லவர்.

ஜிஞ்சரின் பலம் வேறு. நடனம் தொடங்கியதும் அவர் நடிப்பை நிறுத்துவதில்லை. 'ஸ்விங் டைம்' படத்தின் பிரிவு நடனத்தைப் பாருங்கள். ஆளில்லாத கூடத்தில் இருவரும் பக்கம் பக்கமாக நடக்கிறார்கள். அந்த நடை எந்த அடியில் நடனமாகிறது என்று பிடிக்க முடியாது. ஜிஞ்சரின் முகத்தில் போகவும் மனமில்லை, நிற்கவும் வழியில்லை. படியேறி, சுழன்று சுழன்று, கதவைத் தாண்டிப் போய்விடுகிறார். இதை 40 தடவைக்கு மேல் எடுத்தார்கள் என்று சொல்லும் ரசிகர்கள், அந்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

ஜோடி என்ற சொல்லும் பார்வையைக் குறுக்குகிறது. நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பேன் இல்லாமல் இந்த நடனங்கள் இல்லை. ஒத்திகை அறையில் ஜிஞ்சரின் இடத்தில் நின்று அஸ்டேரோடு அடிகளை உருவாக்கியவர், பிறகு அவற்றை ஜிஞ்சருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஜிஞ்சரின் காலிலிருந்து நாம் கேட்கும் தட்டொலிகளில் பலவும் பேன் பின்னால் பதிவு செய்தவை.

அதே 'ஸ்விங் டைம்' படத்தில் அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராக ஆடும் தனி நடனம் ஒன்று உண்டு. ரசிகர்கள் அதை வேகமாக ஓட்டிவிடுவார்கள், அல்லது அந்தக் காலம் அப்படி என்பார்கள். இரண்டும் தப்பித்தல்தான். நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை என்று பெயர்; பாணியோ பெரும்பாலும் ஜான் பபிள்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடையது. அஸ்டேர் அவரிடம் பாடம் கேட்டவர். ஒவ்வோர் அடியையும் எண்ணத் தெரிந்த கண்ணுக்கு, அந்த அடி யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவும் தெரிய வேண்டும். அந்த நடனத்தில் அஸ்டேருக்குப் பின்னால் மூன்று பிரம்மாண்ட நிழல்கள் ஆடுகின்றன. மூன்றும் அஸ்டேரின் நிழல்களே.