கருப்பொருளாகிய கைபேசி

நம் காலத்துப் புதுக்கவிதையின் மார்க்கங்களை ஆராயப் புகுவோர், 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஏட்டையும், அதன் பக்கங்களில் யாப்பின் துணையை நாடாது தத்துவ விசாரம் செய்த ந. பிச்சமூர்த்தியையும் முதலில் வணங்கிவிட்டே மேற்செல்லுதல் முறையாகும். 1971-இல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி' இயக்கத்தார் கவிதையைச் சமுதாய மேடைக்கு அழைத்துவந்தனர். அவர்தம் குரல் சில வேளை சொற்பொழிவாகவே முடிந்தது எனினும் அந்த ஆவேசம் மெய்யானது. ஞானக்கூத்தனோ தெருவிலும் வீட்டிலும் நாம் பாராமல் கடந்துபோகும் அற்ப சம்பவங்களுக்கும் கவிதையில் ஆசனம் அளித்தார். ஈழத்து மஹாகவி உருத்திரமூர்த்தி, யாப்பைக் கைவிடாமலேயே, சாதாரண மனிதனின் பேச்சோசையை அதனுள் ஒலிக்கச் செய்தார். 2000-ஐ ஒட்டி எழுந்த சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி முதலியோரால் குடும்பமும் உடலும், அவற்றை அனுபவிக்கும் பெண்ணின் வாய்மொழியாகவே வெளிப்பட்டன.

இம்மார்க்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான பிரமாணம் ஒன்று வேண்டுமெனில், அதனை வெளியே தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றனுள், உணவு, மரம், பறவை, பறை, யாழ் முதலிய கருப்பொருள்கள் யாவும், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருளுக்கு ஏவல் செய்யவே வந்தவை. கைபேசியும் கணினியும் இன்றைய கருப்பொருள்கள் என்பதே என் துணிபு. கைபேசியை எடுத்துவிட்டு ஒரு கடிதத்தை அவ்விடத்தில் வைத்தாலும் கவிதை குலையாது நிற்குமாயின், அங்கே கைபேசி வெறும் அலங்காரமே.

பிரிவை எடுத்துக்கொள்வோம். பொருள்வயிற் பிரிந்த தலைவன் எந்தச் சுரத்தில் நடக்கிறான் என்பதைப் பழைய தலைவி அறியாள்; கார்ப்பருவம் வந்தும் அவன் வராமையே அவள் துயரம். துபாய்க்குச் சென்ற கணவனுக்கு வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பிவிட்டு விழித்திருப்பவளோ, அவன் அதைப் படித்துவிட்டான் என்பதை இரண்டு நீலக் குறிகளால் அறிகிறாள். கடைசியாக அவன் எட்டிப் பார்த்தது இரவு 11.42 மணிக்கு என்பதையும் அறிகிறாள். மறுமொழி மட்டும் இல்லை. அறியாமையால் விளைந்த இரங்கலுக்கு எத்தனையோ துறைகள் வகுத்த நம் முன்னோர், அறிந்ததனாலேயே விளையும் இந்த இரங்கலுக்குத் துறை வகுத்திலர். இளங்கவிஞர் பலர் நீலக் குறியைப் பாடி அமைகின்றனர். விழித்திருப்பவளின் முகத்தைப் பாடியவர் சிலரே, அவர்களையே நான் முதல் வரிசையில் வைப்பேன். ஊடலுக்கோ அந்தச் சிலரும் வாய்க்கவில்லை: கணவனின் எண்ணை பிளாக் செய்துவிட்ட மனைவியிடம், மருதத்துப் பாணனின் இடத்தில் நின்று வாயிலாகச் செல்பவர் யார் என்பதை எவரும் நன்றாக எழுதக் காணேன்.