புறந்தருதல் யார் கடன்?

புறநானூற்றின் 312ஆம் பாட்டைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். பொன்முடியார் பாடியது, வாகைத் திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. தாயொருத்தி தன் கடன் இன்னதெனக் கூறத் தொடங்கிப் பிறர் கடன்களையும் முறையே அடுக்கிச் செல்கிறாள். ஆயினும் வகுப்பறையிலும் மேடையிலும் பெரிதும் ஒலிப்பது அப்பாட்டின் முதலடியே. பெற்று வளர்ப்பது தாயின் தலையாய கடமை என்னும் அளவில் பொருள் முடிந்துவிட்டதாகப் பலர் கொள்கின்றனர்.

பாட்டு அங்கே நிற்கவில்லை. மகனைச் சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு, களம் வென்று மீள்வது காளைக்கு என்று அது கடனை ஐவர்க்குப் பகுத்தளிக்கிறது. ஐவருள் தாய் ஒருத்தி, அவ்வளவே. ஆகவே பாட்டின் உயிர்ப்பொருள் தாயின் பெருமை மட்டும் அன்று. ஒரு பிள்ளையை ஆளாக்கும் பொறுப்பின் பங்கீடும் ஆகும். வேந்தன் கடனைக் கூறுமிடத்தில் ‘தண்ணடை’ என்றும் ஒரு பாடம் உண்டு. அதனைக் கொண்டால், ஒழுக்கம் கற்பித்தல் என்பது போய், வாழ்வுக்கு ஆதாரமான மருதநிலத்து ஊரை வழங்குதல் என்பது வேந்தன் கடனாகும். எப்பாடம் கொண்டாலும், பிள்ளை வளர்ப்பில் அரசுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

இப்பங்கீட்டை உரைத்துப் பார்க்க ஒரு கட்டளைக்கல் வேண்டுமாயின், கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவைக் கருதலாம். சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வருவோர் முதலில் அடையும் ஊர் அது. அருகே புளூவேலி தேயிலைத் தோட்டம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். இம்மலையில் 1929இல் ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டு மலையின் தேயிலைத் தொழில் வளர்ந்ததில் தமிழர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அதில் சரிபாதியேனும் பெண்களின் உழைப்பு எனல் மிகையன்று.

தோட்டத்துத் தாயின் நாள் எவ்வாறு தொடங்கிற்று? விடியுமுன் அடுப்பு, பின் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுதல், அதன்பின் பெரட்டு, பிறகு கூடையோடு மலைச்சரிவு. கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி என்னும்போது, பால் கொடுக்க இறங்கி ஏறிய நேரமெல்லாம் நிறையில் குறைந்தது. இது வருவாய் பற்றிய இழப்பு. இதனினும் பெரிய இழப்பு மற்றொன்று உண்டு. கொழுந்து பறிப்பவர் அடுத்து ஏறக்கூடிய படி கங்காணி வேலை. கங்காணி விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தொலைவிலுள்ள மலைகளுக்கும் நடக்க வேண்டும். மாலையில் நிறுவை முடியும்வரை இருக்க வேண்டும். இந்நேரங்களெல்லாம் பிள்ளைக்கும் உரிய நேரங்கள். ஆகவே, ‘பெண் கங்காணி ஆகலாகாது’ என்று எவரும் எழுதி வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. வேலையின் நேரமே அவ்விதியை எழுதிவிட்டது. கொழுந்தின் பதம் அறிந்த கை பெண்ணுடையதாகவும், அக்கையை மேற்பார்க்கும் கண் ஆணுடையதாகவும் அமைந்தமைக்குக் காரணம் திறமை அன்று. பிள்ளையை வைத்துக்கொள்வார் யார் என்னும் வினாவே.

இந்நிலையை இலக்கியம் எவ்வாறு கண்டது? மலேசியத் தமிழ்ப் புனைகதை பால்மரக் காட்டைப் பாடிய அளவுக்குத் தேயிலை மலையைப் பாடவில்லை. ஆதலின் தேயிலைப் பெண்ணைத் தேடுவோர் பிற மலைகளை எழுதிய நூல்களை நோக்குதல் இன்றியமையாதது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் அழிவை அது காட்டிற்று. கோகிலம் சுப்பையா 1964இல் ‘தூரத்துப் பச்சை’யைத் தந்தார், தோட்டப் பெண்ணின் வாழ்வை ஒரு பெண்ணே நாவலாக்கிய சிறப்பு அதற்குண்டு. வால்பாறையில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது.

இந்நூல்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. இவை எழுதப்படாதிருந்தால் மலையின் பசுமைக்குப் பின்னிருந்த கண்ணீர் வெளியுலகுக்குத் தெரிந்திராது. குறை நூல்களில் இல்லை. அவற்றைப் படித்த முறையில் உள்ளது. திறனாய்வாளர் பலரும் இவற்றின் பெண்களைத் துயரத்தின் வடிவாகவே போற்றினர். தொழில் அறிந்தவராகக் கண்டது அரிது. தோட்டம் அவளைக் கூடையின் நிறையால் அளந்தது. திறனாய்வு அவளைக் கண்ணீரின் அளவால் அளந்தது. ‘இவள் ஏன் மேற்படி ஏறவில்லை?’ என்னும் வினாவை இரண்டும் எழுப்பவில்லை. இரக்கம் மதிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புறப்பாட்டின் முதலடியோடு நின்றுவிடும் பழக்கமே இங்கும் தொழிற்பட்டது எனலாம்.

அவ்வினாவைப் பெண்களே எழுப்பிய இடங்கள் உண்டு. மலாயாவில் 1960இல் தோன்றிய மகளிர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய இராசம்மா பூபாலன், ஒரே பணிக்கு ஆணுக்கொரு சம்பளமும் பெண்ணுக்கொரு சம்பளமும் தகாது என்று போராடினார். மணம் முடித்த பெண் நிலையான பணியை இழந்து மாதக் கணக்கில் வேலை பார்க்கும் வழக்கமும் அரசுப் பணியில் அன்று இருந்தது. அரசுப் பணியில் சம ஊதியம் என்னும் கொள்கை 1969இல் ஏற்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் ஆண், பெண் நாட்கூலி 1984இல் சமமாயிற்று. மூணாற்றில் 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து எழுந்தபோது, ஆண்கள் தலைமையேற்ற சங்கங்களையும் ஒதுக்கிவைத்தனர். ‘பொம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்ற அவ்வெழுச்சி, கூலி பற்றியது மட்டும் அன்று. தம் பொருட்டுப் பேசும் தகுதி தமக்கே உண்டு என்பதை நிலைநாட்டியதும் ஆகும்.

சம கூலி வேறு, சம உயர்வு வேறு. முன்னது சட்டத்தால் வரும். பின்னதற்குப் பிள்ளை வளர்ப்பின் பங்கீடு மாற வேண்டும். பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது வேந்தன் கடனில் ஒரு கூறு. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு 2023 சனவரி முதல் 98 நாளாயிற்று. மணமான தந்தைக்கும் 7 நாள் விடுப்புக் கிடைத்தது. தந்தையின் கடனைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்தது என்ற வகையில் அந்த 7 நாள் பாராட்டத்தக்கது. ஆயின் தொண்ணூற்றெட்டுக்கு எதிரே ஏழு என்னும் கணக்கு, பங்கீடு இன்னும் எவ்வளவு கோணியிருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. தொண்ணூற்றொன்பதாம் நாள் விடியலில் குழந்தையை ஏந்துவார் யார் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

இன்று தேயிலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். பறிக்கும் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தோட்டக் குடும்பங்களின் பெண்மக்கள் பலர் ஆசிரியராயினர். ஆயினும் வினா தோட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை; பள்ளிக்குள்ளும் வந்திருக்கிறது. தலைமையாசிரியர் பதவிக்குத் தகுதியுள்ள ஆசிரியை, மாலைக் கூட்டங்களையும் வெளியூர்ப் பயிற்சிகளையும் எண்ணி விண்ணப்பிக்காமல் விடும்போது, கங்காணி வேலை எட்டாத கொழுந்துப் பெண்ணின் கதையே புதிய உடையில் தொடர்கிறது. அவள் பணிக்குச் செல்ல இயன்றதும் பெரும்பாலும் வீட்டில் ஒரு பாட்டி இருப்பதனால்தான். ஒரு பெண்ணின் உயர்வை மற்றொரு பெண்ணின் முதுகு தாங்குகிறது. தந்தையும் கொல்லனும் வேந்தனும் இன்னும் அவைக்கு முழுமையாக வரவில்லை.

பொன்முடியாரின் தாய் வீரம் போற்றிய காலத்தவள். அவள் பேசுவது மகனைப் பற்றி மட்டுமே. மகளின் ஏற்றம் அப்பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வெல்லையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் பலர்க்கும் உரியது என்று அவள் வகுத்த நெறி இன்றைக்கும் பொருந்தும். இன்றைய கொல்லன் தொழிலிடமே; பிள்ளைக்காப்பகமும் பொருந்திய வேலைநேரமும் அவன் வடித்துத் தர வேண்டிய வேல். அப்பாட்டை நடத்தும் ஆசிரியர் முதலடியோடு நில்லாமல் இறுதிவரை நடத்துவாராயின், கம்போங் ராஜாவின் வகுப்பறையில் இருக்கும் ஒரு மாணவி தன் பாட்டியை இரங்கத்தக்கவளாக அன்றி, உயர்வு மறுக்கப்பட்ட தொழில்வல்லுநராகக் காண்பாள்.