பாளையம் சந்திப்பில் ஸ்பானிஷ் பாடம்

ஸ்பானிஷ் தொடக்கநிலைப் பாடநூல்களில் ஓர் அறைப் படம் அநேகமாக இருக்கும். மேசை, நாற்காலி, பூனை. பூனை எங்கே? ‘எல் காத்தோ எஸ்தா தெபாஹோ தெ லா மேசா’, மேசைக்கு அடியில். கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களை வைத்துக்கொண்டே முழு வாக்கியம் பேசவைத்துவிடும் முறை இது. கூச்சப்படுகிறவர்கள்கூட வாய் திறக்கிறார்கள். அந்தப் பலன் பெரிது. ஆனால் திருவனந்தபுரத்தில் தமிழும் மலையாளமும் பேசி வளர்ந்தவருக்கு இதை ஆங்கிலம் வழியாக மட்டுமே கற்பிக்கும்போது, அவர் கைவசம் உள்ளதெல்லாம் வீணாகிறது.

ஸ்பானிஷில் தெரிந்த பொருள் எங்கே என்று சொல்ல ‘எஸ்தா’. ஒன்று இருப்பதைப் புதிதாகச் சொல்ல ‘அய்’. தமிழில் இரண்டுக்கும் ‘இருக்கிறது’ போதும் என்பதால் தடுமாற்றம் வரும். ஆனால் திருவனந்தபுரத்துக் கரமனையில் வளர்ந்த தமிழர் மலையாளத்தில் ‘புஸ்தகம் மேசப்புறத்தாணு’ என்றும் ‘மேசப்புறத்து ஒரு புஸ்தகம் உண்டு’ என்றும் யோசிக்காமலே சொல்வார். பொருத்தம் முழுமையானதல்ல, ‘உண்டு’ இரு பக்கமும் போகும். ஆனாலும் பிடித்து ஏற நல்ல கயிறு. ‘அக்கீ’, ‘ஆஈ’, ‘அய்யீ’ என்ற மூன்று இடங்களுக்கு ஆங்கிலத்தின் ‘ஹியர், தேர்’ போதாது. யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்லும் ‘உது’வை நினைவூட்டினால் நடு இடம், அதாவது கேட்பவர் பக்கம், ஏறக்குறைய விளங்கிவிடும்.

அறைப் படத்தின் பெருங்குறை, அதில் பேசுகிறவர் நிற்க இடமில்லாததுதான். அதற்குப் பதிலாக, நகரின் பாளையம் சந்திப்புக்கு மாணவரை அழைத்துப் போகலாம். மசூதியும் கணபதி கோயிலும் அடுத்தடுத்து, சாலைக்கு எதிரே புனித ஜோசப் பேராலயம். ‘லா மெஸ்கீத்தா எஸ்தா அல் லாதோ தெல் தெம்ப்லோ’, மசூதி கோயிலுக்குப் பக்கத்தில், என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தால் வலது இடதாகிவிடும். ‘பக்கத்தில்’ மட்டும் மாறாது. எந்தச் சொல் பேசுகிறவரைச் சார்ந்தது, எது சாராதது என்று கால்களே கற்றுக்கொள்கின்றன.

‘எங்கே என்றால் எஸ்தார்’ (‘எஸ்தா’வின் மூலவினை) என்ற சூத்திரமும் அவசரமானது. பொருளுக்கும் ஆளுக்கும் கட்டடத்துக்கும் அது சரி, நிகழ்ச்சிக்குச் சரிவராது. டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் ஸ்பானிஷ் படம் எங்கே திரையிடப்படுகிறது என்று கேட்டால், ‘லா ப்ரொயெக்சியோன் எஸ் என் எல் தியாத்ரோ தாகோர்’ என்பதே பதில். தாகூர் அரங்கம் வழுதக்காட்டில் ‘எஸ்தா’, திரையிடல் அரங்கத்தில் ‘எஸ்’. இந்த ஒரு ஜோடியை முதல் மாதத்திலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், சூத்திரத்தைப் பின்னால் மறக்கவைக்கும் வேலை மிச்சம்.