சக மாணவர் மதிப்பெண்: சாட்சியா, தீர்ப்பா?

பல்கலைக்கழக அறிவியல் வகுப்புகளில் குழு புராஜெக்ட்டுக்கு மாணவர்களே மதிப்பெண் போடுவது என்றால் இரண்டு வேலைகளில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஒரு குழுவின் அறிக்கையையோ போஸ்டரையோ மற்றக் குழுக்கள் மதிப்பிடுவது முதல் வகை. ஒரே குழுவுக்குள் இருப்பவர்கள் யார் எவ்வளவு உழைத்தார் என்று ஒருவருக்கொருவர் மார்க் போடுவது இரண்டாவது வகை. இந்த முறையை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வகைக்குக் கிடைத்த ஆதாரங்களை எடுத்து இரண்டாவதற்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். என் முதல் எதிர்ப்பு அதற்குத்தான்.

அந்த ஆதாரங்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது நான்சி ஃபால்ச்சிகாவ், ஜூடி கோல்ட்ஃபிஞ்ச் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு. மாணவர் போட்ட மதிப்பெண்ணையும் ஆசிரியர் போட்டதையும் ஒப்பிட்ட 48 ஆய்வுகளை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி ஒட்டுறவு 0.69 என்று வந்தது. நல்ல எண்தான். ஆனால் அதன் இருபடி 0.48; அதாவது, மாணவர் மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் பாதிக்கும் சற்றுக் குறைவானதுதான் ஆசிரியரின் மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறது. தவிர, ஒட்டுறவு காட்டுவது இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டுமே. எல்லாருக்கும் பத்து மார்க் கூட்டிப் போட்டாலும் அந்த எண் மாறாது. 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்று ஒரு வகுப்பே பேசிவைத்துக்கொள்வதை அது பிடிக்காது.

அதே ஆய்வில் நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய வேறொரு முடிவும் உண்டு. பல தலைப்புகளாகப் பிரித்துத் தனித்தனியே மார்க் போடச் சொன்னபோது இருந்ததைவிட, தெளிவான அளவுகோலைப் புரியவைத்து மொத்தமாக ஒரு மதிப்பெண் கேட்டபோது மாணவரும் ஆசிரியரும் அதிகம் ஒத்துப்போனார்கள். பத்துக் கட்டம் போட்ட ரூப்ரிக் தாளை நீட்டிவிட்டால் நேர்மை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஆதரவாக இல்லை.

சரி, முழுமையாகவே ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாணவர் மதிப்பெண்ணால் என்ன லாபம்? ஆசிரியர் போட்டதே போதுமே. ஒத்துப்போகாவிட்டால், கடைசியில் ஆசிரியரைத்தான் நம்பப்போகிறோம். ஆக, முதல் வகையில் மதிப்பெண் என்பது வீண் சுமை. பலன் வேறிடத்தில் இருக்கிறது. க்வாங்சு சோ, சார்ல்ஸ் மெக்ஆர்தர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் ஆய்வக அறிக்கைகளை விமர்சித்து எழுதிய மாணவர்கள், அவற்றைப் படிக்க மட்டும் செய்தவர்களைவிடப் பின்னர் தங்கள் அறிக்கையைச் சிறப்பாக எழுதினார்கள். மற்றவன் வரைபடத்தில் பிழைப்பட்டை ஏன் இல்லை என்று கேட்டு எழுதுகிறவன், தன் வரைபடத்தில் அதை விடமாட்டான். கற்பது விமர்சிக்கிறவன், மார்க் வாங்குகிறவன் அல்ல.

விமர்சிக்கவும் பழக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஆர்வில் சாப்மன் முன்னின்று உருவாக்கிய முறையில், தரம் வேறுபட்ட மூன்று மாதிரிக் கட்டுரைகளை மாணவர் முதலில் மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். அதில் எவ்வளவு தேறுகிறாரோ அதற்கேற்பத்தான் பிறகு அவர் போடும் மதிப்பெண்ணுக்கு எடை. அந்த உழைப்பைச் செலவிடாமல் முதல் நாளே தாளைக் கையில் கொடுப்பது மாணவருக்கும் அநியாயம், பாடத்துக்கும் அநியாயம்.

இரண்டாவது வகைதான் உண்மையில் வலிக்கும் இடம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற மென்பொருளின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நால்வர் குழு, புராஜெக்ட்டுக்கு ஆசிரியர் கொடுத்தது 60. மூன்று பேர் தங்கள் மூவருக்கும் ஐந்தைந்தும் நான்காமவருக்கு ஒன்றும் போடுகிறார்கள். நான்காமவர் நால்வருக்கும் சமமாகப் போடுகிறார். ஒவ்வொருவர் போட்டதையும் அவரவர் மொத்தத்தால் வகுத்து, ஒவ்வொரு மாணவரும் பெற்றதைக் கூட்டினால், மூவருக்கும் 1.1875, நான்காமவருக்கு 0.4375. அறுபதோடு பெருக்கினால் மூவருக்கு ஏறத்தாழ 71, அவருக்கு 26. குழு மதிப்பெண்ணில் பாதிக்கு மட்டும் இந்தப் பெருக்கலைச் செய்தால் அவருக்கு 43 வரும்.

அந்த நான்காமவர் யார்? ஆய்வகப் பக்கமே வராத சோம்பேறியாக இருக்கலாம். மூன்று நண்பர்கள் நடுவே பதிவெண் வரிசையில் வந்து மாட்டிக்கொண்டவராகவும் இருக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். நம் ஊரில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். மாலையிலேயே விடுதிக் கதவை அடைத்துவிடுவதால் இரவு வேலைக்கு வர முடியாத மாணவி, தமிழ்வழியில் படித்து வந்து குழுப் பேச்சில் வாய் திறக்கத் தயங்குகிற மாணவர், சாதி தெரிந்ததும் வாட்ஸப் குழுவில் பதில் கிடைக்காமல் போகிறவர்: இவர்கள் எல்லாரும் 'பங்களிப்புக் குறைவு' என்ற ஒரே கட்டத்துக்குள் விழுவார்கள். கண்ணில் படாத வேலைக்கும் இதே கதிதான். மேடையேறி ஸ்லைடைக் காட்டியவருக்கு ஐந்து. டைட்ரேஷனை மூன்று முறை திரும்பச் செய்து ரீடிங் எடுத்தவருக்கு மூன்று.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துவிடலாமா? அதுவும் நியாயமாகாது. உளவியலாளர் பிப் லட்டானே குழுவினர் 1979இல் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சோதித்தபோது, தனியே செய்ததைவிடக் கூட்டத்தோடு செய்தபோது ஒவ்வொருவரின் முயற்சியும் குறைந்தது. ஒவ்வொருவர் முயற்சியும் தனியே தெரியவரும் என்று அறிந்தபோது அந்தச் சரிவு மறைந்ததை அடுத்து வந்த ஆய்வு காட்டியது. சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் யார் இருந்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது, மாணவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியரால் பார்க்க முடிந்த இடத்தில் மாணவர் மதிப்பெண் தேவையில்லை. அவரால் பார்க்க முடியாத இடத்தில் அது தேவைப்படுகிறது, ஆனால் சரிபார்க்க அளவுகோல் இல்லை. 0.69 என்ற எண் இந்த இடத்துக்கு வந்து உதவாது.

ஆகவே என் முடிவு இது. குழுக்கள் மற்றக் குழுக்களின் பணியை எழுத்தில் விமர்சிக்கட்டும்; அதில் மார்க் வேண்டாம். அந்த விமர்சனம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதற்கு வேண்டுமானால் ஆசிரியர் மதிப்பெண் கொடுக்கலாம். குழுவுக்குள் யார் உழைத்தார் என்பதை மாணவர்கள் சொல்லட்டும், ஆனால் சாட்சியாக மட்டும். எண்ணோடு, இன்ன வேலை செய்தார், இன்னது செய்யவில்லை என்று இரண்டு வரி இருக்க வேண்டும். ஆய்வக நோட்டின் தேதியோடு அதை ஒப்பிட வேண்டும். பருவத்தின் நடுவிலேயே மதிப்பெண் இல்லாமல் ஒரு சுற்று நடத்தினால் ஒதுங்கியவருக்கும் ஒதுக்கப்பட்டவருக்கும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஒருவருடைய எண் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்தால், ஆசிரியர் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்காமல் இன்டர்னல் மார்க்கில் கை வைக்கக்கூடாது.

இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று சொல்லும் துறைகள், மாணவர்கள் போடும் எண்ணை மதிப்பெண் பட்டியலில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.