ஊமையான மத்தளம்!

மார்கழி பிறந்துவிட்டால் மயிலைக்கும் தியாகராயநகருக்கும் தனிக்களை வந்துவிடுகிறது. பட்டுகள் பளபளக்கின்றன, மூக்குத்திகள் மின்னுகின்றன, சபாக்களின் வாயிலிலே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த மண்டபத்தில் நமக்கு இடம் ஏது? தாமல் ஏரிக்கரையை விட்டுப் புறப்பட்டு, காஞ்சியிலே பேருந்து மாறி, சென்னை சேர்ந்து, நுழைவுச் சீட்டு வாங்கி, நள்ளிரவில் வீடு திரும்புவதென்றால், தறியில் அமர்ந்திருப்பவனுக்குப் பல நாட் கூலி போய்விடும். ஆகவே, 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, ஏழைக்கும் ஒரு முன்வரிசை நாற்காலி கிடைத்தது என்று மகிழ்ந்தவர் பலர். மகிழ்ந்தது தவறன்று. ஆனால், அந்த நாற்காலியில் அமர்ந்து நாம் கேட்பது என்ன? காண்பது என்ன?

சென்ற மார்கழியில் ஓரிரவு, நேரடி ஒளிபரப்பாக வந்த கச்சேரி ஒன்றைக் கண்டேன். பாடியவர் யார், ஒளிபரப்பியவர் யார் என்பது வேண்டாம். குறை ஒருவருடையதாக இருந்தால் பெயர் சொல்லலாம், ஊர்வழக்கமே ஆகிவிட்ட குறைக்கு எவர் பெயரைச் சொல்வது? என் அருகே அண்டைவீட்டுப் பெரியவர். திருமண வீடுகளிலே நாற்பது ஆண்டுகள் தவில் முழக்கிய கைகள் அவருடையவை. 'தனி' தொடங்கியது. மத்தளக்காரர் பேச ஆரம்பித்தார் என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே காமிரா என்ன செய்தது தெரியுமா? பாடகர் குவளையிலிருந்து வெந்நீர் பருகுவதைக் காட்டியது. பிறகு, முன்வரிசையிலே கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கனவானைக் காட்டியது. பிறகு, பொருளுதவி செய்த கடையின் பெயர்ப்பலகை. விரல்கள் ஒரு நொடி வந்தன, மறைந்தன. கணக்கெல்லாம் கூடி, கோர்வை மூன்றாம் முறை வந்து இறங்குகிற அந்தக் கணத்திலே — மேடையோரத்துப் பூந்தொட்டி!

காட்சிதான் இப்படியென்றால், ஒலி? பிடில், காதருகே கொசு போல. வலந்தலை, தகரத்தைத் தட்டியது போல. கடம் அடுத்த வீட்டிலே ஒலித்தது. இடந்தலையோ எங்கும் இல்லை. பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, இடது கை அடிக்கிறது தெரியுது, ஒண்ணும் கேக்கலையே! தொப்பியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டாரா?"

சிரித்தேன். பின்னர் சிந்தித்தேன். மண்டபத்திலே மத்தளம் இயல்பாகவே உரக்க ஒலிக்கும். ஆதலால் அங்குள்ள ஒலிபெருக்கிக்காரர் அதைக் குறைத்து, மெல்லிய குரலையும் பிடிலையும் கூட்டிவைக்கிறார். மண்டபத்துக்கு அது சரியே. ஆனால், அதே கலவையை அப்படியே ஒரு கம்பியிலே எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினால்? நேரே கேட்கும் வாய்ப்பில்லாதவனுக்கு மத்தளம் பாதி மாண்டுதான் வந்து சேரும். மேடையின் ஒவ்வொரு மைக்கையும் இரண்டாகப் பிரித்து, ஒளிபரப்புக்கெனத் தனிப்பலகையிலே, தனியறையிலே, தனியொருவர் அமர்ந்து கலக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு முகம். ஒரு மைக் போதாது. அவையின் ஒலிக்கும் ஒரு மைக் வேண்டும். இல்லையேல் கைதட்டல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலிருக்கும். இவை வானத்து வித்தைகளல்ல. தொழில் தெரிந்தவர் எவரும் அறிந்தவை. கிரிக்கெட்டுக்கு எத்தனை காமிரா, எத்தனை கவனம்! பந்து மட்டையைத் தொட்டதா என்று அறியக்கூட மைக் உண்டு. மத்தளத்தின் இடந்தலைக்கு இல்லை!

மேலைநாட்டிலே, 1947 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்துகொண்டிருக்கும் 'பிராம்ஸ்' கச்சேரிகளைப் பாருங்கள். இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். இன்ன இடத்தில் குழல், இன்ன இடத்தில் முரசு என்று காமிராவுக்கு முன்கூட்டியே சொல்லப்படும். "நம் இசை கற்பனையிலே பிறப்பது, எழுதிவைத்த குறிப்பேது?" என்பர். உண்மைதான். ஆனால், தனி எப்போது வரும், கோர்வை எத்தனை முறை வரும், எடுப்பு எங்கே என்பதெல்லாம் தாளம் போடத் தெரிந்த சிறுவனுக்கும் தெரியுமே! இயக்குநரின் பக்கத்திலே அப்படி ஒருவரை உட்காரவைக்கக் கூடாதா? காமிராவைத் தோளில் சுமக்கும் தொழிலாளியை நான் குறை கூறவில்லை. எதைக் காட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை.

காஞ்சிக்கு இது பொறுக்கலாகாத ஒன்று. இங்கேதான், 1934இல் மறைந்த நாயனாப்பிள்ளை, மத்தளம், கடம், கஞ்சிரா, முகர்சிங், கொன்னக்கோல் என்று தாளக்கருவிகளைச் சூழ அமர்த்திப் பாடினார். 'புல்பெஞ்ச்' கச்சேரி என்று வியந்தனர்! பாடகன் அரசன், மற்றவர் ஏவலர் என்று அவர் எண்ணவில்லை. கணக்கிலே மோதவந்த இணையர்களாகவே கொண்டார். இன்றைய காமிராவோ அந்தப் பெஞ்சையே கலைத்துவிடுகிறது. பின்னாலிருந்து மூன்று மணிநேரம் தம்புரா மீட்டும் பெண்ணின் முகத்தை எத்தனை பேர் கண்டிருப்பீர்கள்?

திருவையாற்றிலே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பாடுவதும் ஒளிபரப்பாகிறது. கூட்டுக்குரலா கேட்கிறது? மைக்கின் அருகே அமர்ந்த நாலைந்து பேர் குரல்தான். முகங்களும் பெரும்பாலும் அவைதாம். 1946இல் அதே ஊரில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியதற்கு எழுந்த கூச்சலையும், கலைஞர் 'தீட்டாயிடுத்து' என்று எழுதியதையும் அறிவோம். அன்று எதைப் பாடுவது என்பதில் தீட்டு. இன்று தீட்டென்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எது கேட்க வேண்டும், எது காண வேண்டும் என்பதிலே அந்தப் பழைய வரிசைதான் நிற்கிறது.

மேலும் ஒன்று. அந்த இடந்தலை எதனால் ஆனது? தோலால். பலாமரக் கட்டையிலே தோலை இழுத்துக் கட்டி, வாரை முறுக்கி, நாதம் பிறக்கும்வரை உடல்நோக உழைப்பவர் யார்? அவர்களிற் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். 2020இல் டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த இடத்தைக் கலாஷேத்திரா திரும்பப் பெற்றது. நூலுக்கு மேடை மறுத்தால் செய்தியாகிறது, பேசுகிறோம். ஒவ்வொரு கச்சேரியிலும் அவர்கள் உழைப்பின் ஒலி ஒரு குமிழைத் திருகி அணைக்கப்படுகிறதே, அதை யார் பேசுவது? வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். அக்கறையின்மைதான். ஆனால் அந்த அக்கறையின்மை ஒருநாளும் பாடகரின் குரலைத் தொலைத்ததில்லையே!

பெரியவர் அன்று கச்சேரி முடியும்வரை காத்திருக்கவில்லை. ஒலியை முழுதும் அடைத்துவிடச் சொன்னார். விரல்கள் திரையில் தோன்றிய போதெல்லாம், தம் தொடையிலே தாமே அடித்துக் காட்டினார். இடக்கை விழுந்த இடமெல்லாம் எனக்கு அப்போதுதான் கேட்டது.